தக்காளிக்கும் ஒரு சங்கம் வேண்டும்

நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் இரண்டு முறையீடுகள் எழுகின்றன. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கங்களில் தக்காளி பயிரிடும் உழவர், பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும்கூட விலை கட்டவில்லை என்று முறையிடுகிறார். அதே ஆண்டில் வேறொரு மாதத்தில், தருமபுரி நகரத்தில் தறிக்கூலியை நம்பி வாழும் குடும்பத்தின் தலைவி, தக்காளி விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பியதாக முறையிடுகிறார். முதல் முறையீடு எழும்போது பத்திரிகைகளில் சாலையோரம் கொட்டப்பட்ட தக்காளியின் படம் வருகிறது. இரண்டாவது எழும்போது சட்டசபை வரையில் பேச்சு எழுகிறது. சில வாரங்களில் இரண்டும் மறக்கப்படுகின்றன.

இம்முறையீடுகளைச் செய்யும் இருவரும் பெரும்பாலும் கூட்டுறவு அங்கத்தினர்களே. ஒருவர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெறுகிறார். மற்றவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாவும் ஊடையும் பெற்று நெய்து கொடுக்கிறார். இருவருடைய பெயரும் ஒரே துறையின் பதிவேடுகளில் உள்ளன. ஆயினும் ஒருவர் விளைவித்த காய் மற்றவருடைய அடுப்புக்குச் செல்லும் வழியில் கூட்டுறவுக்கு இடமில்லை. நகரங்களுக்கு உணவு விளைவித்தல், விநியோகித்தல் என்னும் பெரிய பிரச்சினையை இந்த இடத்திலிருந்து ஆராய்வது நம்மவர்க்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

நகரத்திலேயே விளைவிக்கலாமா?

நகரத்தின் உணவை நகரத்தார் தாங்களே விளைவித்துக்கொள்ளலாம் என்னும் யோசனை புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் பூங்காக்களையும் வீட்டு முன்றில்களையும் கொத்திக் காய்கறி பயிரிட்டார்கள். 1943 இல் நம் நாட்டிலும் உணவு உற்பத்திப் பெருக்கு இயக்கம் தொடங்கப்பட்டது. 1965 இல் யுத்தமும் உணவுப் பற்றாக்குறையும் சேர்ந்து நெருக்கியபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டதோடு, தமது அரசாங்க இல்லத்தின் புல்வெளியையும் பயிர் நிலமாக்கி முன்மாதிரி காட்டினார். 2013-14 இல் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் மாடித் தோட்டம் அமைப்பதற்கான பைகளையும் தென்னைநார்க் கழிவையும் விதைகளையும் மானிய விலையில் வழங்கியது.

இவற்றுள் மிகப் பெரிய முயற்சி கியூபா நாட்டுத் தலைநகரான ஹவானாவில் நடந்தது. 1991 இல் சோவியத் யூனியன் கலைந்ததும், கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் இரசாயன உரமும் ஏறக்குறைய நின்றுபோயின. கிராமத்தில் விளைந்ததை நகரத்துக்குக் கொண்டுவர லாரிக்கு எண்ணெய் இல்லை. ஆகவே நகரத்தின் காலி மனைகளில் பாத்தி கட்டி, மட்கிய உரமிட்டுக் கீரையும் காயும் விளைவித்தார்கள். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை அரசாங்கம் அளித்தது; விதையும் ஆலோசனையும் கிடைக்கச் செய்தது; விளைந்ததைப் பாத்திக்குப் பக்கத்திலேயே விற்க இடமும் தந்தது. ஹவானாவின் பசுங்காய்த் தேவையில் பெரும் பகுதியை அத்தோட்டங்கள் நிறைவேற்றின. ஆனால் தானியத்துக்கும் எண்ணெய்க்கும் அந்நாடு தொடர்ந்து இறக்குமதியையே நம்ப வேண்டியிருந்தது. நகரத் தோட்டம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது இதனால் தெளிவாகும்.

நம் தருமபுரிக்கும் அவ்வளவே பொருந்தும். இது மழை குறைந்த மாவட்டம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்தமையால், ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவரப் பெருந்திட்டம் தீட்ட வேண்டி வந்தது. 2013 இல்தான் அது பயன்பாட்டுக்கு வந்தது. குடிப்பதற்காக அரும்பாடுபட்டுக் கொண்டுவரும் நீரை மாடியில் தக்காளிக்கு ஊற்றச் சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆயினும் பாத்திரம் கழுவிய நீரிலும் அரிசி களைந்த நீரிலும் வளரக்கூடிய முருங்கை, கறிவேப்பிலை, தண்டுக்கீரை, அவரைப் பந்தல் ஆகியவற்றைத் தடுப்பார் யாரும் இல்லை. நெசவாளர் குடியிருப்புகளிலும் பள்ளி வளாகங்களிலும் சங்கக் கட்டிடங்களின் பின்புறத்திலும் அதற்கு இடமுண்டு. அவ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கீரை கிடைக்கும். அந்த அளவில் அது சிறந்த பணியே. சாக்கடை நீரைப் பாய்ச்சிக் கீரை வளர்த்து விற்கும் வழக்கத்துக்கு மட்டும் இடந்தரலாகாது.

நகரம் உணவு உற்பத்திக்குச் செய்யக்கூடிய பேருதவி வேறொன்று உண்டு. அது தன் குப்பையை உரமாக்கிக் கொடுப்பது. நகரக் குப்பையைக் குழிகளில் அடுக்கி உரமாக்கும் முறையை 1939 இல் பெங்களூரில் சி. என். ஆசார்யா என்னும் விஞ்ஞானி வகுத்தார். அது இன்றும் பெங்களூர் முறை என்றே வழங்கப்படுகிறது. இப்போது நகராட்சிகள் நுண்உரக் கூடங்களை நடத்துகின்றன. அவற்றில் தயாராகும் உரம், நகரத்துக்குக் காய் அனுப்பும் கிராமங்களுக்குச் சங்கங்களின் மூலம் ஒழுங்காகச் செல்லுமானால், நகரம் வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தியதாகும்.

எனினும், நகரத்தின் அன்றாடக் காய்கறி கிராமத்திலிருந்துதான் வர வேண்டும். தருமபுரியில் அது தொலைவிலிருந்து வரத் தேவையில்லை. பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குச் சுமார் 25 கி.மீ. தூரந்தான். விளைச்சலும் இருக்கிறது, உண்பாரும் இருக்கிறார்கள். இடையிலுள்ள 25 கி.மீ. தூரத்தில்தான் நம் பிரச்சினை இருக்கிறது.

எந்தப் பயிருக்கு எந்த ஸ்தாபனம்?

நம் மாவட்டத்தில் விளையும் பொருள்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். கரும்புக்குப் பாலக்கோட்டில் தருமபுரி மாவட்டக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. பட்டுக்கூட்டுக்குத் தருமபுரியில் அரசாங்க அங்காடி உண்டு. அங்கே ஏலமும் எடையும் பலர் கண் முன்னே நடைபெறுகின்றன. பருத்திக்கும் மஞ்சளுக்கும் அரூர்க் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் ஏலம் உண்டு. பாலுக்கு ஊர்தோறும் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் உண்டு. இவை எல்லாம் குறையின்றி நடைபெறுகின்றன என்று நான் சொல்லவில்லை. ஆலையில் நிலுவை விழுவதுண்டு. ஏலத்தில் விலை இறங்குவதுண்டு. ஆனால் குறை நேரும்போது உழவர் போய்க் கேட்பதற்கு ஒரு வாசற்படி இருக்கிறது. காட்டுவதற்கு ஒரு ரசீது இருக்கிறது. பேசுவதற்கு ஒரு பொதுப்பேரவை இருக்கிறது.

தக்காளிக்கு என்ன இருக்கிறது? கமிஷன் மண்டி இருக்கிறது. பெட்டியை இறக்கும் வரையில் அன்றைய விலை உழவருக்குத் தெரியாது. இறக்கிய பிறகு பொருளைத் திருப்பி எடுத்துச் செல்ல அவரால் இயலாது. பலர் விதைக்கும் நாற்றுக்கும் மருந்துக்கும் மண்டியிலேயே முன்பணம் வாங்கியிருப்பதால், வேறிடம் போகவும் வழியில்லை.

2024 இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் ஏறத்தாழ 33 பைசாவே உழவரைச் சேர்வதாக மதிப்பிட்டது. வெங்காயத்தில் அது 36 பைசா. உருளைக்கிழங்கில் 37 பைசா. பாலில் நிலைமை வேறு. நுகர்வோர் தரும் ரூபாயில் ஏறத்தாழ 80 பைசா உற்பத்தியாளருக்குச் செல்கிறது என்று ஆனந்தின் அமுல் கூட்டுறவு கூறுகிறது.

காய்கறி அழுகும் பொருள். ஆகவே அதைக் கூட்டுறவில் கையாள முடியாது என்று நம் சங்க நிர்வாகிகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சற்றே சிந்தித்தால் இவ்வாதம் நிற்காது. பால், கறந்த சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பொருள். தக்காளியோ பழுக்கும் தருணத்தில் பறித்தால் சில நாட்கள் தாங்கும். விரைந்து கெடும் பொருளுக்கு 1946 இல் குஜராத்தின் கெய்ரா மாவட்டத்து உழவர்கள் ஒன்றியம் அமைத்து வெற்றி கண்டார்கள். நம் ஊர்களிலும் காலையும் மாலையும் சங்கத்தின் வாசலில் பால் அளந்து வாங்கப்படுகிறது. அங்கே வெற்றிக்குக் காரணமாக இருந்தவை மூன்று: தவறாத நேரத்தில் கொள்முதல், தரத்தை அளந்து விலை நிர்ணயித்தல், குறித்த நாளில் பணம் பட்டுவாடா செய்தல். இம்மூன்றில் எதுவும் பாலுக்கே உரிய தனிச் சொத்து அன்று.

இதுவரை நடந்த முயற்சிகள்

உழவரையும் நகரத்தாரையும் நேரே சந்திக்கச் செய்யும் முயற்சிகளில் தலைசிறந்தது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாப், ஹரியானா பக்கத்து அப்னி மண்டிகளும் ஆந்திரத்து ரைத்து பஜார்களும் இதற்கு முன்னோடிகள். உழவருக்கு அடையாள அட்டை, வாடகையில்லாக் கடை, தராசு, நாள்தோறும் பலகையில் எழுதப்படும் விலை என்னும் ஏற்பாடுகளால், மண்டியைவிட உழவருக்குக் கூடுதலாகவும் கடையைவிட வாங்குவோருக்குக் குறைவாகவும் விலை அமைந்தது. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் முதலிய ஊர்களிலும் இச்சந்தைகள் உள்ளன. இவற்றின் நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் உழவர் சந்தையில் ஒரு வரம்பு உண்டு. உழவர் தாமே வர வேண்டும்; தாமே அமர்ந்து விற்க வேண்டும். ஏரியூர்ப் பக்கத்திலோ சித்தேரி மலையிலோ அரை ஏக்கர் வைத்திருப்பவர், இரண்டு கூடைக் காய்க்காக விடியற்காலையில் பஸ் ஏறி வந்து நண்பகல் வரையில் அமர்ந்திருந்தால், அன்றைய வயல் வேலை கெட்டுவிடும். வாங்குவோர் பக்கத்திலும் இக்குறை உண்டு. சந்தை சிறப்பாக நடப்பது காலையில். அன்றாடக் கூலி பெறுபவர் கையில் காசு வருவது மாலையில். ஆகவே சந்தையால் பெரிதும் பயன் பெறுவோர் நகரத்தை ஒட்டிய கிராமத்து உழவரும், காலையில் ஓய்வுள்ள குடும்பத்தினருமே ஆவர்.

2013 இல் கூட்டுறவுத் துறை சென்னையில் பண்ணைப் பசுமை நுகர்வோர் கடைகளைத் தொடங்கியது. 2023 ஜூன், ஜூலை மாதங்களில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, இக்கடைகளிலும் பின்னர்ச் சென்னையின் நியாய விலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கப்பட்டது. நகரத்து ஏழைக் குடும்பங்களுக்கு அது பேருதவி. அத்துடன் ஒரு பெரிய உண்மையையும் அது மெய்ப்பித்தது: நியாய விலைக் கடையில் தக்காளி விற்க முடியும், விற்பனையாளர் விற்பார், மக்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலை ஏறும்போது நகரத்தாரைக் காக்க விரைந்து செல்லும் கூட்டுறவு இயந்திரம், விலை விழும்போது உழவரைக் காக்க அதே வேகத்தில் செல்வதில்லை. கிலோ 100 ரூபாய் விற்றபோது நியாய விலைக் கடையில் இடம் பெற்ற தக்காளிக்கு, மண்டியில் கேட்பாரற்றுக் கிடக்கும் மாதத்தில் அங்கே இடமில்லை. வேலை இரண்டு காலத்திலும் ஒன்றே, கடையும் ஒன்றே, தராசும் ஒன்றே. மேலும், விலை வீழ்ந்து நொந்த உழவர் அடுத்த பட்டத்தில் தக்காளியைக் கைவிடுகிறார்; அதனால் வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது. உழவரைக் கைவிட்ட மாதத்தின் பலனை நகரத்தார் சில மாதங்கள் கழித்து அனுபவிக்கிறார்கள். ஆகவே விலை விழும்போது தலையிடுவது தருமம் அன்று. நகரத்தார் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வழியாகும்.

நெசவாளர் காட்டிய வழி

இப்பத்திரிகையைப் படிக்கும் நெசவாளத் தோழர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். உலகமெங்கும் கூட்டுறவாளர் போற்றும் ராச்டேல் முன்னோடிகளில் பலர் நெசவாளர்களே. 1844 இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 28 பேர் சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுன் மூலதனத்தில் டோட் சந்தில் ஒரு கடை திறந்தார்கள். அவர்கள் விற்றது துணி அன்று. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் முதலிய உணவுப் பொருள்களே. கூலி குறைவு, கடையில் கலப்படம், கடனுக்கு வாங்கினால் எடையும் குறைவு. தறியில் ஈட்டியதைக் கடையில் இழக்கிறோம் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். சுத்தமான பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப இலாபப் பங்கு என்னும் நெறிகளை வகுத்துக்கொண்டார்கள். நம் மாகாணத்திலும் 1904 இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோர் பண்டகசாலையாகவே புகழ் பெற்றது.

ராச்டேலார் வாங்குவோர் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். விற்போர் பக்கத்திலிருந்து தொடங்கிய உதாரணம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. 1959 இல் பெங்களூரில் திராட்சை பயிரிடுவோர் ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தார்கள். தோட்டக்கலைத் துறைத் தலைவராயிருந்த எம். எச். மரிகௌடா அதற்குத் துணை நின்றார். பிற்காலத்தில் ஹாப்காம்ஸ் என்று பெயர் பெற்ற அச்சங்கம், எல்லாக் காய்களையும் பழங்களையும் உழவரிடம் நேரே வாங்கி, நகரமெங்கும் அமைத்த சிறு கடைகளில் விற்றது. தனியார் கடைகளும் இணைய வியாபாரமும் பெருகிய பின்னர் அதற்கும் நெருக்கடி நேர்ந்தது. கூட்டுறவு என்னும் பெயர் மட்டும் கடையைக் காப்பாற்றாது என்பது அதிலிருந்து கற்கும் பாடம். ஆனால் பல்லாண்டுக் காலம் ஒரு பெருநகரத்துக்கு உழவர் சங்கம் ஒன்று காய்கறி விநியோகித்தது என்பது அழியாத உண்மை.

மூன்றாவது உதாரணம் ஜப்பானிலிருந்து. 1965 இல் டோக்கியோவில் சுமார் 200 குடும்பத் தலைவியர் சேர்ந்து 300 போத்தல் பாலை ஒன்றாக வாங்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததே செய்கட்ஸு கூட்டுறவுக் கழகம். அண்டை வீடுகள் சில சேர்ந்து ஒரு குழுவாகி, தமக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். அதற்கேற்ப உற்பத்தியாளரிடம் வாங்குவார்கள். எவ்வளவு விற்கும் என்பது முன்பே தெரிந்துவிட்டால், எவ்வளவு அழுகும் என்னும் கவலை பெரிதும் நீங்குகிறது.

இரு முனையும் நம் கையில்

தமிழ்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட நியாய விலைக் கடைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவோர் கூட்டுறவுச் சங்கங்களே. தக்காளி பயிரிடக் கடன் கொடுப்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். அரிசியும் சர்க்கரையும் விற்கும் நியாய விலைக் கடையை நடத்துவதும் பல ஊர்களில் அதே சங்கம். நகரத்தில் கூட்டுறவுப் பண்டகசாலை. பயிரின் தொடக்கமும் நம்மிடம். அடுப்பின் வாசலும் நம்மிடம். நடுவழி மட்டும் நம்முடையதாக இல்லை.

கடனையும் விற்பனையையும் இணைக்க வேண்டும் என்பது புதுமையான எண்ணம் அன்று. கோர்வாலா அவர்களைத் தலைவராகக் கொண்ட அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழு 1954 இல் இதையே வற்புறுத்தியது. கடன் கொடுத்த சங்கம், விளைந்ததை விற்றுக் கொடுத்து, அவ்விற்பனையிலிருந்தே கடனை வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. எழுபது ஆண்டுகள் கடந்தும், கரும்பில் நடைமுறைக்கு வந்த இக்கொள்கை காய்கறியில் வரவில்லை.

அது இயலும் என்பதற்குக் கேழ்வரகு சாட்சி. 2023 இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் குடும்ப அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. அதற்கான கேழ்வரகை நம் மாவட்ட உழவரிடமே, குவிண்டால் 3,578 ரூபாய் என்று அப்பருவத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆதார விலையில் நேரடியாகக் கொள்முதல் செய்தார்கள். உள்ளூர் வயலில் விளைந்த களி மாவு உள்ளூர்க் கடை வழியே உள்ளூர் அடுப்புக்குச் சென்றது. கேழ்வரகு சென்ற பாதையில் தக்காளியும் கத்தரியும் செல்லலாகாதா?

செய்ய வேண்டியது

மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் பெருந்திட்டம் வகுக்குமாறு நான் கேட்கவில்லை. பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு வேளாண்மைச் சங்கமும் தருமபுரி நகரத்தில் ஒரு பண்டகசாலையும் அதனருகேயுள்ள நெசவாளர், தொழிலாளர் குடியிருப்புகளும் சேர்ந்து ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும்.

முதலாவது, தேவையைக் கணக்கிட வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உள்பட 400 கிராம் காய்கறி வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 1.6 கிலோ. ஆயிரம் குடும்பங்களுக்கு நாளொன்றுக்கு 1,600 கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கைச் சங்கத்தின் வழியே வாங்கினாலும் நாள்தோறும் 400 கிலோ. அது ஒரு சிறு வண்டிப் பாரம். பத்துப் பத்துக் குடும்பங்கள் ஒரு குழுவாகி, அடுத்த வாரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். இதற்கு நம் மகளிர் சுய உதவிக் குழுக்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இரண்டாவது, கொள்முதல். பால் சங்கத்தைப் போல், கிராமத்திலேயே குறித்த நேரத்தில், தரம் பிரித்து, எடை போட்டு, ரசீது கொடுத்து வாங்க வேண்டும். விலையை உழவர் சந்தையின் பலகை விலையைக் கொண்டு அன்றன்று நிர்ணயிக்கலாம். பணம் வாரந்தோறும் குறித்த நாளில் உழவரின் சங்கக் கணக்கில் சேர வேண்டும். இது ஒரு வாரம் தவறினால் உழவர் மறுவாரம் மண்டிக்குப் போய்விடுவார். அவர் மேல் குற்றமில்லை.

மூன்றாவது, சேமிப்பு. குளிர்பதனக் கிடங்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரட்டைச் செங்கற்சுவர் எழுப்பி, இடையே மணல் நிரப்பி, அம்மணலை நனைத்து வைத்தால் உள்ளே வெப்பம் தணியும். புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் வகுத்துக் கொடுத்த அமைப்பு இது, மின்சாரம் வேண்டாம். நம்முடையதைப் போன்ற வறண்ட காற்றுள்ள பகுதியில் நன்கு பயன்படும். சங்கக் கிடங்கின் நிழலில் இதைக் கட்டிவிடலாம்.

நான்காவது, விற்பனை. அன்றாடக் கூலியாளர் வாங்கும்படி மாலை நேரத்தில் விற்க வேண்டும். ரொக்கத்துக்கே விற்க வேண்டும். ஆண்டு முடிவில் மிஞ்சும் இலாபத்தை, கொடுத்த உழவருக்கும் வாங்கிய குடும்பத்துக்கும் கொடுத்த, வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட வேண்டும். ஒருவர் இலாபம் மற்றவர் நஷ்டம் என்னும் எண்ணம் அப்போதுதான் நீங்கும்.

ஐந்தாவது, சேதத்துக்கு ஒரு நிதி. விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே ஒதுக்கி, அழுகலை அதில் ஒழுங்காக எழுத வேண்டும். சேதம் ஏற்பட்டால் தணிக்கையில் தம் தலையில் விழும் என்னும் அச்சமே விற்பனையாளர் காய்கறியைக் கண்டு ஒதுங்குவதற்குப் பெருங்காரணம். சங்கங்களை ஆய்வு செய்யும் பணியில் இருப்பவன் என்னும் முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். இயற்கையான சேதத்துக்கும் கையாடலுக்கும் வேறுபாடு காணும் விதிகளை வகுக்காமல், ஊழியரிடம் உற்சாகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் தர வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

மண்டி வியாபாரிகளைப் பகைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். பகை தேவையில்லை. நாள் ஒன்றுக்கு 400 கிலோவினால் பாலக்கோட்டு மண்டி மூடிவிடாது. வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் பொருளனுப்பும் அனுபவம் அவ்வியாபாரிகளிடமே உள்ளது. அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பவரும் அவரே. ஆனால் உழவருக்குச் செல்ல இரண்டு வாசல்கள் இருந்தால், முதல் வாசலிலும் மரியாதை கூடும். விலை ஒப்பிட்டுப் பார்க்க ஓரிடம் கிடைப்பதே பாதி வெற்றி. அந்த முன்பணத்தின் பிடியிலிருந்து உழவர் விடுபட, காய்கறிக்குரிய பயிர்க்கடனைச் சங்கம் நாற்று நடும் முன்பே கொடுத்தாக வேண்டும். பறிப்புக் காலத்தில் வரும் கடனால் பயனில்லை.

இவ்வளவு சிறிய அளவில் செய்வதால் விலை வீழ்ச்சி நின்றுவிடுமா என்பது இரண்டாவது ஆட்சேபம். நிற்காது. பெருவிளைச்சல் காலத்தில் வந்து குவியும் தக்காளியை ஒரு நகரம் உண்டு தீர்க்க முடியாது. ஆனால் இம்முறை இங்கே நிலைபெற்றால், சேலத்துப் பண்டகசாலையும் சென்னைப் பண்டகசாலையும் நம் சங்கத்திடம் கேட்டு வாங்கலாம். வாங்கும் சங்கம் எல்லா நகரங்களிலும் இருக்கிறது. விற்கும் சங்கந்தான் இன்னும் தோன்றவில்லை. சிறிதாகத் தொடங்கியதால் ராச்டேல் சிறுமைப்படவில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2025 ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. விழாக்கள் நடந்தன, ஊர்வலங்கள் சென்றன, கொடிகள் ஏற்றப்பட்டன. அவை வேண்டியவையே. ஆனால் கூட்டுறவின் மேன்மையை அளந்து பார்க்கும் தராசு விழா மேடையில் இல்லை. விலை கட்டவில்லை என்று தன் காய்ந்த கையை விரிக்கும் உழவரும், விலை கேட்டுத் திரும்பும் நெசவாளர் மனைவியும், 25 கி.மீ. இடைவெளியில், ஒரே இயக்கத்தின் அங்கத்தினர்களாய் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமல் வாழும் நிலை நீங்குகிறதா என்பதே அளவுகோல்.

ஆகவே, இதைப் படிக்கும் சங்கத் தலைவர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுப்பேரவையின் நிகழ்ச்சி நிரலில், வரவு செலவு அறிக்கைக்கும் நன்றி கூறலுக்கும் இடையே, ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேளாண்மைச் சங்கமானால், எத்தனை அங்கத்தினர் எந்த மாதத்தில் எந்தக் காய் பறிக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பதெனத் தீர்மானியுங்கள். நெசவாளர் சங்கமானால், எத்தனை குடும்பங்கள் வாரத்துக்கு எவ்வளவு காய் வாங்குகின்றன என்று பட்டியல் எடுப்பதெனத் தீர்மானியுங்கள். இரண்டு பட்டியல்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் நாளில், இத்திட்டத்தின் பாதி வேலை முடிந்திருக்கும். மீதிப் பாதிக்கு ஒரு தராசும் ஒரு வண்டியும் ஒரு ரசீதுப் புத்தகமும் போதும்.